ஈசானியத்தில் ஆறு

“எங்கயாவது ஒரு எடத்துல ஊரைக் கட்டித் தொலைங்களேன்” என்று பூங்கோதை கத்தியது, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன எனக்கு வாசலிலேயே கேட்டது.

“ஆறு தெக்கால போகுதுடி. ஈசானியத்துலதான் தண்ணி இருக்கணும்” என்றார் அவள் கணவர் தணிகைவேல், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். விளையாட்டில் முதல் நகரம் அமைக்க வந்த கூட்டம் மூட்டை முடிச்சோடு நாற்பது சுற்றாக அலைந்துகொண்டிருந்தது. பதினோரு வருடமாகச் சொந்த வீடு கட்ட மனை பார்ப்பவரும் இவர்தான். எந்த மனையிலும் ஏதாவது ஒரு மூலை சரியில்லை.

“அதுங்களுக்குக் கால் வலிக்காதா?” குரல் இறங்கிவிட்டது.

“பொம்மைக்கு ஏதுடி காலு?”

அவள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

ஆடி மாதம், அதுவும் செவ்வாய்க்கிழமை, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் தெற்கு பார்த்த வீட்டுக்குத் தனியாகக் குடிபோய்விட்டாள். அவர் இங்கேதான் இருக்கிறார். போன வாரம் எட்டிப் பார்த்தேன். திரையில் அந்தக் கூட்டம் இன்னும் மூட்டை முடிச்சோடு நடந்துகொண்டிருந்தது.