மூன்றாவது கிளட்ச்

மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் தீய்ந்து, ரிவெட் தெரிந்தது.

இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது.

அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், இன்னொருத்தியின் புகைப்படத்தைப் பார்ப்பதுபோல.

அந்த வண்டிக்கு வீட்டில் சக்களத்தி என்று பெயர். வைத்தவள் அவள்தான். இரண்டு கை மாறி வந்த சின்ன எஸ்யூவி. வந்த மாதமே முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம், புஷ் போய்விட்டது. அடுத்தது தண்ணீர் பம்ப். அதற்கடுத்து இஞ்செக்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நாத்தனார்கூடச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமையானால் கணவர் வொர்க்‌ஷாப்பில்தான்.

"மூத்தவளை ஒரு நாள் வெளியே கூட்டிட்டுப் போக நேரமில்ல. இளையவளுக்கு மட்டும் வாராவாரம் வைத்தியம்."

"மூத்தவளுக்குத்தான் நோய்நொடி கிடையாதே" என்று சிரிப்பார்.

ஒருநாள் இடது செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு கூடம் வரை வந்து நின்றார். இளையவள் நினைப்பில் கால் தரையில் பாவவில்லையோ என்று கேட்டாள். அவர் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, அதற்கும் சிரித்தார்.

அதுவரை பொறாமை ஒரு விளையாட்டு.

முதல் கிளட்ச் எட்டே மாதத்தில் போனது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒருமுறை கேட்டிருந்தாள். "புதுசா கத்துக்கிறவங்க கையில குடுத்தா கிளட்ச் தீஞ்சு போயிடும்" என்று தட்டிக்கழித்தவர் அவர்தானே.

அப்படியென்றால் யார் கையில் கொடுத்தார்?

கேட்டுவிடுவது என்றுதான் இருந்தாள். மூன்று மாதம் முன்பு ஒரு காலையில், சட்டைக்குப் பாதிப் பொத்தான் போட்டபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போனபின், வண்டியை நகர்த்தி நிறுத்த அவளுடைய தம்பி கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"மாமா எப்படிக்கா இதுல உட்கார்ந்தாரு? எனக்கே முட்டி இடிக்குது."

நிலைப்படியில் குனிந்து நுழைகிற மனுஷர் அவர். சீட்டோ முன்னால் இழுக்க முடிந்தவரை இழுத்திருந்தது. அவள் உயரமுள்ள ஒருத்திக்குக் கச்சிதம்.

"சீட்டைத் தொடாதே, இறங்கு" என்றாள்.

அதன்பிறகு தினமும் ஒருமுறை போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். சீட்டின் தையலில் முடி தேடினாள். பெல்ட்டை முகர்ந்து பார்த்தாள். அவருடைய வாசம்தான் வந்தது. அதற்கு அழக்கூட முடியவில்லை. அழுகை தொண்டைவரை வரும். அங்கே முன்னாடியே வந்து அவள் உட்கார்ந்திருப்பாள், அந்த முகம் தெரியாதவள்.

விற்றுத் தலைமுழுகலாம் என்றால், தீய்ந்த கிளட்சோடு எவனும் வாங்கமாட்டான். பாட்டரியும் செத்துவிட்டது. இன்று காலை இழுவை வண்டியில் கொண்டுவந்து சேர்த்தாள். அப்போதும் சீட்டைத் தொடவிடவில்லை.

இப்போது பிளேட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. இந்த வண்டியில யாருக்கு அவர் ஓட்டக் கத்துக்குடுத்தாரு?"

மெக்கானிக் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தார்.

"யாருக்கும் இல்லம்மா. சர்க்கரையில சாருக்கு இடது பாதம் மரத்துப் போச்சு. கால் கிளட்ச் மேலயே கிடக்கும், அவருக்குத் தெரியாது. நீட்டி மிதிக்கவும் பலமில்ல. முட்டியை மடக்கி மிதிக்கட்டும்னு நான்தான் சீட்டை முன்னால இழுத்து வச்சேன். வீட்டுல தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவாங்க, சொல்லிடாதேன்னாரு."

டீயில் சர்க்கரையைக் கால் ஸ்பூனாக அளந்து போட்டவள் அவள்.

சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இந்த ஆள் அந்தக் காலைப் பார்த்திருக்கிறார். கையில் பிடித்து மிதியின்மேல் வைத்துக்கூடக் காட்டியிருப்பார். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது கிடைக்கவில்லை.

கியர்பாக்ஸை இறக்கிவிட்டு வண்டியைத் தரையில் நிறுத்தியிருந்தார்கள். அவள் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். முதல்முறை.

கால் எட்டியது. இடது காலால் மிதித்தாள். மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் அடிவரை இறங்கியது.

தலையைத் தூக்கினாள்.

மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டிகள் தெரியவில்லை. அவள் முகமும் தெரியவில்லை. கூரையின் சாம்பல் துணி மட்டும் தெரிந்தது. அவளைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்த கண்களுக்காக வைத்த கண்ணாடி.

மூன்று மாதமாகச் சீட்டையே அளந்துகொண்டிருந்தவள் இதை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுற மாதிரி திருப்பி வைக்கிறேன்" என்று மெக்கானிக் சன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்கண்ணே" என்றாள். குரல் பாதியிலேயே உடைந்தது.