சுத்தமான மலைத்தேன்

"அந்தப் பொம்பள மாட்டுன பலகையக் கழட்ட வைக்க முடியுமா, முடியாதா வக்கீலம்மா?"

உத்தமபாளையத்தில் வக்கீல் ஜோதிலட்சுமியின் அறைக்குள் வேல்பாண்டி சாமி வந்தவர் போல நுழைந்தார். அந்தக் கோபத்திலும், வழக்கம்போல ஒரு தேன் பாட்டிலை அவள் மேசையில் வைக்க மறக்கவில்லை.

சுருளிப்பட்டியில், அருவிக்குப் போகிற வழியில் அவர் கடை. 'சுத்தமான மலைத்தேன்' என்று பலகை மாட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு முன் எதிரே செலின் என்று ஒருத்தி கடை போட்டாள். பலகையில் அதே வார்த்தைகள்.

"கேட்டா, 'தேனத் தேன்னு சொல்லாம வேற என்னண்ணே சொல்ல'ன்னு எகத்தாளம் பேசுது. ஆடி அமாவாசைக் கூட்டம் பூராம் அங்கன போயிட்டா, நான் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"அடுத்தவுக பேர வச்சுப் பொழைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பாண்ணே?"

ஜோதிலட்சுமிக்கும் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு இளைக்க வேண்டுமென்று மூன்று வருஷமாக விடிந்ததும் வேல்பாண்டி தேனை வெந்நீரில் கலந்து குடிப்பவள் அவள். இதுவரை நாலு கிலோ ஏறியிருந்தது. பழியைப் புரோட்டா மேல் போட்டிருந்தாள்.

"அவ தேனு மாசத்துக்கொரு நெறம் வக்கீலம்மா. ஒருவாட்டி கருப்பு, ஒருவாட்டி மஞ்ச. நம்மது பன்னெண்டு வருஷமா ஒரே நெறம், ஒரே ருசி!"

"அதுக்குப் பேருதாண்ணே தரம்" என்றவள், தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை எடுத்தாள். அந்தப் பேரை வேல்பாண்டிக்கே பதிவு செய்து தரச் சொல்லி டிரேட்மார்க் ஆபீசுக்கு எழுதியதற்கு வந்த பதில் அது.

"முடியாதுங்கிறாகண்ணே. பாட்டிலுக்குள்ள என்ன இருக்கோ அதைத்தான் இந்தப் பேரு சொல்லுதாம். அப்படிப்பட்ட வார்த்தை எல்லாருக்கும் பொது. ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது."

வேல்பாண்டி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"வேற வழியே இல்லையா?"

"சாமானுக்குச் சம்பந்தமே இல்லாத பேருன்னா தருவாக. 'ஒட்டகம்'னு வச்சிருந்தீகன்னா இந்நேரம் கையில கெடைச்சிருக்கும். நீங்க வச்சது தேனுக்குத் தேனுன்னு! இந்தப் பேருக்கும் பாட்டில்ல இருக்கிறதுக்கும் சம்பந்தமில்லைன்னு நாம எப்படிண்ணே நிரூபிக்க?"

வேல்பாண்டியின் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டீக?"

மேசையில் வைத்த பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒங்களுக்குக் கொண்டாந்த இதையே டெஸ்டுக்கு அனுப்புங்க. பூராம் வெல்லப்பாகுன்னு அவுகளே எழுதிக் குடுத்துருவாக!"