எதிர் நாற்காலி

சதுரங்கப் போட்டியின் முதல் மேசையில் பஸ் டிரைவர் ஒருவர் தோற்றுக்கொண்டிருக்கிறார். எதிரே இருப்பவன் நடப்புச் சாம்பியன். அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஜன்னல் வெயில் பலகையின் பாதிவரை ஏறிவிட்டது. டிரைவரின் ராணி போய்விட்டது, யானைகள் இரண்டும் போய்விட்டன. வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் கைகொடுத்துவிட்டு எழுந்திருப்பார்கள். இவர் எழவில்லை. ஆட்டம் நடக்கும்வரைதான் தம்பி எதிரே உட்கார்ந்திருப்பான். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது, வெளிநாட்டுப் போட்டியிலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொன்னது இவர்தான். அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தப் போட்டியில் பெயரே கொடுத்தார். முதல் சுற்றிலேயே எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே பேசக் கூடாதாம். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி, கடிகாரத்தை மெல்லத் தட்டுகின்றன. தம்பியின் காதோரம் நரைத்திருக்கிறது. அம்மாவுக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது.

தம்பி குதிரையை எடுத்து வைக்கிறான். ராஜாவுக்குப் போக இடமில்லை; ஆட்டம் முடிந்தது.

"தம்பி, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

தம்பி ஆட்ட முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுகிறான். நினைவு தெரிந்த நாளாய் அண்ணனை வா, போ என்று உரிமையாய்ப் பேசியவன், எழுந்து கையை நீட்டுகிறான்.

"நல்லா ஆடுனீங்க சார்."

டிரைவர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார். அவர் விடும்வரை, தம்பி வேறு பக்கம் பார்த்தபடி நிற்கிறான்.