பெட்டிக்காரி

“ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுறவ கையில முதலுதவிப் பெட்டியா?”

உஸ்மா கேட்டாள். அம்மா ஜுலைகா மகளின் தட்டில் சால்னாவை ஊற்றினாள்.

“போன வருஷம் கம்பெனியில நீதானே பெட்டிக்காரி? பயிற்சிக்குப் போய்ட்டு வந்து, மூச்சு நின்னுட்டா நெஞ்சுல எப்படி அமுக்கணும்னு தலையணையை வச்சு எனக்குச் செஞ்சு காட்டினியே. உன்னை எடுத்துட்டு அந்தச் சரசாவை ஏன் போட்டாங்க?”

“மாத்திட்டாங்க. விடேன்.”

“அதான் ஏன்?”

“சூப்பர்வைசர் அழகேசன்தான் மாத்தினாரு. அவரையே போய்க் கேளு.”

ஜுலைகா பேச்சுக்குச் சொன்னாள். சட்டக் கல்லூரியில் படிக்கிற மகளிடம் அப்படிப் பேச்சுக்குக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது.

அழகேசனுக்கும் சரசாவுக்கும் ஊர் பட்டாபிராம். இருவரும் ஒரே ரயிலில் வருகிறவர்கள். சொந்தமோ என்னவோ. இல்லை, அம்மாவின் பெயர்தான் அந்த ஆளுக்குப் பிடிக்கவில்லையோ? உஸ்மாவுக்கு அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அம்மா டிபன் பாக்ஸை ‘மறந்துவிட்டு’ வேலைக்குப் போனாள். அதைப் பையிலிருந்து எடுத்து ஒளித்தது உஸ்மா. நசரத்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கேட்டைத் தாண்ட அந்த டிபன் பாக்ஸ் போதுமானதாக இருந்தது.

உள்ளே நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றபடி மின்சார சுவிட்சுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் முதலுதவிப் பெட்டி. அதன் கீழே நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள் சரசா.

உஸ்மா நேராக அழகேசனிடம் போனாள்.

“அண்ணா, எங்கம்மாவை ஏன் மாத்தினீங்க?”

“இன்னாம்மா, சோறு குடுக்க வந்தியா, கேஸ் நடத்த வந்தியா?”

“பெட்டிக்குப் பொறுப்பா இருக்கறவங்க பயிற்சி எடுத்திருக்கணும். அது சட்டம்.”

“சரசாவும் போய் எடுத்துகினுதான் வந்துச்சு.”

“ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமாமே?”

“வரும்” என்றார் அழகேசன், கொஞ்சம்கூடக் கூசாமல்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து பிரஸ் செக்‌ஷனிலிருந்து கிஷோர் ஓடி வந்தான். தகடு கிழித்து உள்ளங்கையில் ரத்தம். சரசா இறுகக் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலியை விட்டு எழவே இல்லை.

மேசையிலிருந்து கன்னியம்மா வந்து பெட்டியைத் திறந்தாள். இன்னொருத்தி கிஷோரின் கையை உயர்த்திப் பிடித்தாள். ஜுலைகா துணியை வைத்து அழுத்திக் கட்டினாள். “ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கடா” என்று அவனை அனுப்பிவிட்டு அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

“பார்த்தீங்களா! வேலையெல்லாம் யார் யாரோ செய்றாங்க, பெட்டிக்காரி கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா!” உஸ்மா செல்போனை நீட்டினாள். “ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குப் புகார் ரெடியா இருக்கு. இப்பவே அனுப்பறேன்.”

ஜுலைகா ஓடி வந்து மகளைத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

“ஏய்! அவ முழுகாம இருக்காடி. ஏற்கெனவே ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. நின்னுக்கிட்டு வேலை செய்யவே கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா.”

“அதைச் சொல்லி லீவு கேட்கலாமே? சட்டத்துல...”

“கான்ட்ராக்ட் ஆளு. விஷயம் தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“ஒரு நாற்காலியாவது கேட்கலாமில்ல?”

“முன்னாடி இங்க இருந்த பூங்காவனம் கேட்டா. அதோட அவ வேலை போச்சு. முதலாளி இன்ஸ்பெக்டருக்குப் பயப்படறது இந்தப் பெட்டி விஷயத்துல மட்டுந்தான். அதனால அழகேசன், பெட்டிக்காரி பெட்டிகிட்டயே உட்கார்ந்திருக்கணும், அதான் சட்டம்னு ஒரு போடு போட்டு வச்சிருக்காரு. எவளால நிக்க முடியலையோ அவளைப் பயிற்சிக்கு அனுப்புவாரு. அந்த நாற்காலியில உட்கார்ந்து எழுந்தவங்கதான் இங்க பாதிப் பேரு. இல்லேன்னா இத்தனை பேருக்குக் கட்டுப் போட எப்படித் தெரியும்?”

உஸ்மாவின் குரல் இறங்கியது. “அப்போ... போன வருஷம் நீ?”

“முட்டி வலி. சொன்னா நீ சும்மா இருப்பியா?”

“இப்ப வலிக்கலையா?”

ஜுலைகா பதில் சொல்வதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

“யாரு இந்தப் பொண்ணு?”

“ஜுலைகாக்கா பொண்ணு சார். சட்டம் படிக்குது” என்று சொன்ன அழகேசன், ஏன் சொன்னோம் என்பதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சட்டமா? நல்லதாப் போச்சு. பெட்டிக்குப் பக்கத்துல ஒருத்தி நாள் பூரா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கணும்னு இவர் சொல்லிட்டிருக்கார். எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். அப்படி ஒரு சட்டம் நிஜமாவே இருக்காம்மா?”

மேசை மேல் ஓடிக்கொண்டிருந்த கைகள் நின்றன. சரசா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி உஸ்மா எந்த வாதத்திலும் ஜெயித்ததில்லை. அப்படி ஜெயித்தவர்களோடு அவள் பேசுவதுகூட இல்லை.

செல்போனைப் பைக்குள் போட்டாள்.

“இல்ல சார். அவர் தப்பாச் சொல்லியிருக்கார்.”

அழகேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒருத்தி இல்ல சார், ரெண்டு பேரு உட்காரணும். இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்க.”