மூன்றாம் மாடியில் நிற்கும் காலடி

காலை ஆறே கால். அண்ணி வாசல் கதவைப் பாதி திறந்து, நிலையில் சாய்ந்தபடி படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்கிறாள். கீழிருந்து அண்ணன் ஏறிவருகிறார். லிஃப்ட் இருந்தும் உடற்பயிற்சிக்காகப் படியில்தான்; ஐந்து மாடி, தினமும் இரண்டு முறை. தாத்தாவும் அப்பாவும் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனவர்கள்; இந்த மூக்கும் அந்த நெஞ்சும்தான் அவர்கள் எங்களுக்கு எழுதிவைத்த சொத்து. அண்ணனுக்கு ஐம்பத்தொன்று. இரவு வேலையை விட்ட பிறகும் எனக்கு இந்நேரத்தில் தூக்கம் வருவதில்லை, நானும் கேட்கிறேன். இரண்டாம் மாடி வரை ஷூ சத்தம் சீராக வருகிறது. மூன்றாம் மாடியில் நின்றுவிடுகிறது. ஜன்னல் வெயிலில் தூசி மட்டும் அசைகிறது. கைப்பிடிக் கம்பி லேசாக அதிர்கிறது. கீழே அதை இறுகப் பிடித்திருக்கிறார்.

"நேத்தும் இதே இடம்தான், தம்பி."

"லேஸ் கட்டுவாரா இருக்கும் அண்ணி."

"நாலு நிமிஷமாவா? உங்க அண்ணன் கயிறு திரிக்கிறாரா?"

காலடி மறுபடி கேட்கிறது, மெதுவாக. முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பையும் மாட்டிக்கொண்டு அண்ணன் வந்து நிற்கிறார். உதடு வெளுத்திருக்கிறது.

"மூணாவது மாடி வாத்தியார் பிடிச்சுக்கிட்டார். வாயைத் திறந்தா விடமாட்டாரே."

"என்ன சொன்னார்?"

"உன்னைத்தான் விசாரிச்சார்."

வாத்தியார் குடும்பத்தோடு ஊருக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை அண்ணியிடம்தான் கொடுத்துப் போனார். அதைப் பற்றி அண்ணி மூச்சு விடவில்லை. அண்ணன் ஷூவைக் கழற்றக் குனிகிறார்.

"கழட்டாதீங்க. லிஃப்ட்ல கீழ போலாம். தம்பி, வண்டியை எடுங்க, டாக்டர்கிட்ட போறோம்."

ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவர், தானே முதலில் லிஃப்ட் பக்கம் திரும்பி நடக்கிறார்.