டிராகனுக்கு என்ன கலர்?

“அம்மா, கழுத்தை விடுங்க! கிழிஞ்சிடும்!” என்று பதறினார் கண்ணாடிக்காரர்.

அந்த அம்மாளின் பிடி இன்னும் இறுகியது. அவர் விரல்களுக்கு நடுவே டிராகனின் கழுத்து கசங்கிக்கொண்டிருந்தது. மேஜை மேல் விரித்திருந்த வண்ணப் படத்தில், கொம்புக் குதிரையும் கடற்கன்னியும் அடுத்தது நாமோ என்பதுபோல் விழித்துக்கொண்டிருந்தன.

“அது வெறும் படம்மா. விடு” என்றார் மகன். அவர் கட்டட ஒப்பந்தக்காரர். அவர் கட்டும் வீடுகளுக்கெல்லாம் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்வது இந்தக் கண்ணாடிக்காரர்தான். இது அவருடைய சொந்த வீடு. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆளுயர ஓட்டை ஒன்று ஜன்னலுக்காகக் காத்திருந்தது.

“நாளைக்கு இந்த வீட்டைப் பார்க்கப் பெரிய மனுஷங்க வர்றாங்க. அப்ப இது ஓட்டையா இருந்துச்சுன்னா, என் கட்டடம் எதுலயும் இனிமே நீங்க கால் வைக்கக் கூடாது” என்று போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

“சரிங்க சார். ஆனா மாட்டிட்டா கழற்ற முடியாது. வீட்ல எல்லாரும் ஒரு தடவை கலரைப் பார்த்துச் சரின்னு சொல்லிடுங்க, அப்புறம் வண்டியிலேர்ந்து இறக்கறேன்” என்று சொல்லித்தான் கண்ணாடிக்காரர் படத்தை விரித்தார். அங்கே ஆரம்பித்தது வினை.

“டிராகனுக்குப் பச்சை ரொம்பப் பொருத்தம்மா. நீங்க கட்டியிருக்கிற புடவை கலரேதான்” என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அம்மாள் டிராகன் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

“அப்போ நெருப்பு கக்கறது நானா?”

“நான் ஒண்ணுமே சொல்லலையே அத்தை” என்றாள் மருமகள். சொல்லவில்லைதான். சிரித்தாள். அது இன்னும் மோசம்.

கண்ணாடிக்காரர் மாதிரித் துண்டுகள் இருந்த பெட்டியை அவசரமாகத் திறந்து, ஒரு சிவப்பை வெளிச்சத்தில் பிடித்தார். “அந்தத் துண்டை மட்டும் மாத்திச் சிவப்பு போட்டுடலாமா?”

“தாராளமா. கோபம் வந்தா என் மருமக முகம் அப்படித்தான் ஆகும். அச்சு அசல்.”

“சிவப்பு வேண்டாம்!” என்றாள் மருமகள், அதே சிவப்பில்.

மஞ்சளை எடுத்தார். “காமாலை வந்த டிராகனா? வர்றவங்களுக்கெல்லாம் ஒட்டிக்கப் போகுது” என்று அம்மாள் ஒரே போடாகப் போட்டார்.

அதுவரை சோபாவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வீட்டு மாப்பிள்ளை, அதாவது ஒப்பந்தக்காரரின் தங்கை கணவர், எழுந்து வந்தார்.

“டிராகன் கிடக்கட்டும். இந்தக் குதிரைக்கு மூக்கு ஏன் சிவப்பா இருக்கு?”

“ஒரு அழகுக்குத்தாங்க...”

“என் மூக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் சிவக்கும். அது வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். வெளியில சொன்னது யாரு மச்சான்?”

“நாம குதிரையைப் பத்திப் பேசிட்டிருக்கோம் மாப்பிள்ளை!”

“அப்போ குதிரை குடிக்குதா?”

ஒப்பந்தக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மருமகள் இதற்குள் படத்தின் மேல் குனிந்திருந்தாள். “கடற்கன்னிக்கு வால் நீலம்னு முடிவு பண்ணது யாரு?”

கண்ணாடிக்காரர் தயங்கினார். “அது மட்டும்... சார் ஆசைப்பட்டுச் சொன்னதுங்க.”

“ஓஹோ. உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்கே ஒரு பொண்ணு, அது ஸ்கூட்டர் என்ன கலருங்க?”

ஒப்பந்தக்காரருக்கு வியர்த்தது. “ஊர்ல நீலமா இருக்கறது அது ஒண்ணுதானா? வானம்கூடத்தான் நீலம்!”

“வானத்துக்கு இடுப்பு கிடையாது.”

அம்மாள் மருமகள் பக்கம் சாய்ந்தார். மாப்பிள்ளை குதிரையை முறைத்தார். மாடிப்படி ஓட்டை வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“போதும்!” என்று மேஜையை அறைந்தார் ஒப்பந்தக்காரர். “எந்த ஜந்துவுக்கும் எந்தக் கலரும் வேண்டாம்!”

கண்ணாடிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். “கலரை எடுத்துட்டா டிராகன் எங்க சார், குதிரை எங்க? வெறும் கண்ணாடிதான் சார் மிஞ்சும்! ராப்பகலா நான் பார்த்துப் பார்த்து...” குரல் உடைந்தது.

“வெறும் கண்ணாடியே போதும். இருட்டறதுக்குள்ள மாட்ட முடியுமா, முடியாதா?”

அம்மாள் தலையாட்டினார். மருமகள் தலையாட்டினாள். மாப்பிள்ளையும் ஆட்டினார். அந்தக் குடும்பம் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வண்டிக்குப் போய், துணி சுற்றிய வெறும் கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்தார். சட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. ஓரத்தில் ஒரு நூல் அளவுகூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

“பளிச்சுன்னு இருக்கு. எதிர்வீட்டு மாடியில யார் வர்றா, யார் போறான்னுகூடத் தெரியுது” என்று அம்மாளுக்கு ஏகத் திருப்தி.

ஒப்பந்தக்காரர் வாசல்வரை வந்து கண்ணாடிக்காரரின் தோளைத் தட்டினார். “மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த கட்டடத்துல உங்க இஷ்டத்துக்கு டிராகன் போடுங்க. யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.”

கண்களைத் துடைத்தபடி கண்ணாடிக்காரர் தெருவுக்கு வந்தார். வண்டிக்குள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி அவர் மனைவி காத்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“காலையில டிராகன் மேல நான் வண்டிய ஏத்தினதை யாரும் கண்டுபிடிக்கலையே?”