நேர்ந்துவிட்ட சேவல்

மலேசியாவில் பகாவ் பக்கத்து எஸ்டேட்டில் பஞ்சாலை என்றொருத்தி, புல்லைக் கொல்லும் மருந்து அடிப்பவள். வயிற்றில் தங்கிய பிள்ளை ஒவ்வொன்றும் ரத்தமாகவே போயிற்று. அந்த மருந்து வரும் பீப்பாயான தோம்பு காலியானதும் சோப்புப் போட்டுக் கழுவி, அதில் மழைத்தண்ணீர் பிடித்து வைப்பது லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் வழக்கம். வீட்டில் குடிக்க அதுதான். பிள்ளை வேண்டி முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கும் அதுதான்.

பூசையன்று அவள் புருஷன் சன்னாசி பாராங் கத்தியால் ஒரே வெட்டு வெட்டினான். தலை தெறித்துச் சூலத்தடியில் விழுந்தது. உடல் மட்டும் எழுந்து ஓடி, பஞ்சாலையின் சேலையெல்லாம் ரத்தத்தைப் பீய்ச்சிவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது. தூக்கியபோது அடியில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை கிடந்தது.

"சேவல்தானா இது?" என்றார் பூசாரி.

"கொண்டையப் பாருங்க லா. காலையிலகூட கூவுச்சு," என்றாள் பஞ்சாலை.

சன்னாசி வெறி பிடித்தவன்போல் முட்டையை மிதித்து நசுக்கினான். உடலையும் கண்டதுண்டமாக வெட்டிப்போட்டான். அதன் வயிற்றுக்குள் இன்னும் ஒரு கொத்துக் கருமுட்டைகள் இருந்தன. கறியை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய சட்டையை வாங்கி, தோம்புத் தண்ணீரை மொண்டு ஊற்றி அலசினாள் பஞ்சாலை. ரத்தம் போய்விட்டது. நெஞ்சுப் பக்கம் இரண்டு வட்டக் கறை மட்டும் போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். பால்வாடை அடித்தது.

நிமிர்ந்தாள். சன்னாசி இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு நின்றான்.

"வெளிய சொல்லிறாதடி," என்றான்.

அவன் விரலிடுக்கில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.